ஒரு பந்தின் விலை 49 லட்சம்!



தலைப்பைப் பார்த்துவிட்டு, யாரோ ஒரு பழைய பந்தை ஏலத்தில் எடுத்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ஐ.பி.எல். ஆட்டத்தில் விழும் ஒவ்வொரு பந்தையும் நமக்குக் காட்டும் உரிமைக்காக நிறுவனங்கள் கொடுக்க ஒப்புக்கொண்ட விலை அது. கணக்கு சுலபமானது. 2022 ஜூன் மாதம் நடந்த மின்னணு ஏலத்தில், 2023 முதல் 2027 வரை ஐந்து ஆண்டுகளுக்கு, 410 ஆட்டங்களைக் காட்டும் உரிமை மொத்தம் ரூ. 48,390 கோடிக்குப் போயிற்று. ஓர் ஆட்டத்துக்குச் சுமார் ரூ. 118 கோடி. இரண்டு அணியும் இருபது ஓவரையும் முழுக்க ஆடினால் 240 பந்து. வகுத்துப் பாருங்கள், பந்து ஒன்றுக்கு ரூ. 49 லட்சம். வைடும் நோபாலும் இந்தக் கணக்கில் வரவில்லை. அவை நமக்கு இனாம்!

இவ்வளவு பெரிய தொகையை யாரும் தர்மத்துக்குக் கொடுப்பதில்லை. சோப்பு விலையில் ஒளிந்திருக்கும் விளம்பரச் செலவாகவோ, மாதச் சந்தாவாகவோ, செல்போன் ரீசார்ஜாகவோ கடைசியில் அது நம் வீட்டு வரவு செலவுக் கணக்கில்தான் வந்து நிற்கும். அதனால் இந்த உரிமைகள் எப்படிக் கைமாறுகின்றன, இணையவழி ஒளிபரப்பு வந்த பிறகு என்ன மாறியது, நம்மைப் போல ஊரை விட்டு வந்து வாழும் குடும்பங்களுக்கு இதில் லாபம் என்ன, நஷ்டம் என்ன என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது. ரயில்வேயில் சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் காலம் தள்ளியவன் என்ற முறையில், இதன் இயந்திரப் பக்கத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

காற்றில் வந்த காலம்

புனேக்கு டி.வி. வந்தது 1973ல். மும்பை நிலையத்தின் நிகழ்ச்சிகளை சிங்ஹகட் கோட்டையின் மேல் நிறுவிய கோபுரம் அஞ்சல் செய்தது. மொட்டை மாடியில் ஆண்டெனாவைத் திருப்பி வைத்தால் படம் வந்தது. காசு கொடுக்க வேண்டியது பெட்டிக்கு மட்டும்தான். அதற்கு முன்னும் பின்னும் வானொலி இருந்தது. அப்துல் ஜப்பார், ராமமூர்த்தி போன்றவர்களின் தமிழ் வர்ணனையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நம்முடையது. சேப்பாக்கத்தைக் கண்ணால் கண்டிராதவர்களும் அதன் மூலை முடுக்கெல்லாம் அறிந்திருந்தார்கள்.

அந்தக் காலத்தில் ஒளிபரப்பு உரிமை என்ற ஒரு சொத்து இருப்பதே பலருக்குத் தெரியாது. ஆட்டத்தைக் காட்டுவதற்கு கிரிக்கெட் வாரியம் தூர்தர்ஷனுக்குப் பணம் கட்ட வேண்டும் என்ற நிலைகூட இருந்தது. நிலைமை தலைகீழானது 1993ல். வங்காள கிரிக்கெட் சங்கம் நடத்திய ஹீரோ கோப்பைப் போட்டியின் ஒளிபரப்பு உரிமை டி.டபிள்யூ.ஐ. என்ற வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. தூர்தர்ஷன் எதிர்த்தது. நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவுகளை நம்பியே ஆட்டம் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. டெண்டுல்கர் கடைசி ஓவர் போட்டு ஜெயித்துக் கொடுத்தாரே, அந்த அரையிறுதி இந்தப் போட்டியில்தான்.

வழக்கின் முடிவு 1995 பிப்ரவரி 9ஆம் தேதி வந்தது. நீதிபதிகள் பி.பி. சாவந்த், எஸ். மோகன், பி.பி. ஜீவன் ரெட்டி ஆகிய மூவர் அமர்வு, வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று தீர்ப்பளித்தது. அதில் அரசுக்கு ஏகபோக உரிமை இல்லை என்றது. அதே மூச்சில், பொதுச் சொத்தான அதைத் தனியாரும் தம் இஷ்டத்துக்கு ஆண்டு கொள்ள முடியாது, பொது நலனுக்காக அதை முறைப்படுத்த வேண்டும் என்றும் சொன்னது. நாம் பெருமையோடு நினைத்துக்கொள்ள இதில் இரண்டு செய்தி உண்டு. நீதிபதி மோகன் நம் சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து சென்றவர். நீதிபதி சாவந்த் ஓய்வுக்குப் பின் நம் புனேயில் வாழ்ந்து, 2021 பிப்ரவரியில் இங்கேயே காலமானார்.

தீர்ப்பு வந்த மறு ஆண்டே, 1996 உலகக் கோப்பையில், நம் ஊர் நேரு ஸ்டேடியத்தில் கென்யா மேற்கிந்தியத் தீவுகளை 73 ரன்னில் வீழ்த்தி உலகத்தையே வாய் பிளக்க வைத்தது. அந்தப் போட்டித் தொடரின் டி.வி. உரிமை உலகச் சந்தையில் விலை பேசி விற்கப்பட்டிருந்தது. அன்று தொடங்கிய ஏலம் இன்னும் நிற்கவில்லை.

ஏழு நிமிடத் தாமதமும் ஒரு சட்டமும்

2006ல் கிரிக்கெட் வாரியம் நான்காண்டு உரிமையை நிம்பஸ் நிறுவனத்துக்கு 61 கோடியே 20 லட்சம் டாலருக்கு விற்றது. அந்த நிறுவனத்தின் சானல் எல்லா வீட்டிலும் வராது. 2007 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகள் அணி இங்கே வந்தபோது தூர்தர்ஷனுக்கு நேரடிப் படம் கிடைக்கவில்லை. விஷயம் டெல்லி உயர்நீதிமன்றம் போய், ஏழு நிமிடத் தாமதத்துடன் காட்டலாம் என்று ஓர் ஏற்பாடு ஆயிற்று. அடுத்த வீட்டில் விக்கெட் விழுந்து ஏழு நிமிடம் கழித்து நம் வீட்டில் விழுகிற கூத்தை நாடே பார்த்தது.

அதன் விளைவாக அதே ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. தேச முக்கியத்துவம் உள்ளதாக அரசு அறிவிக்கும் விளையாட்டுகளை யார் ஒளிபரப்பினாலும், அந்தப் படத்தை விளம்பரம் நீக்கி பிரசார் பாரதிக்கும் தர வேண்டும், டி.வி. விளம்பர வருமானத்தில் உரிமைதாரருக்கு 75 பங்கு, பிரசார் பாரதிக்கு 25 பங்கு. வானொலிக்குச் சரிபாதி. ஏழை வீட்டுப் பிள்ளையும் இந்தியா ஆடும் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பது இதன் நோக்கம். நல்ல நோக்கம்தான்.

ஆனால் 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்துக்கு ஓர் எல்லை வகுத்தது. இப்படிப் பெறும் படத்தை தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் தன் இலவச டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம், தனியார் கேபிளிலும் டி.டி.எச்.சிலும் போகக் கூடாது என்றது. தரைவழி அனலாக் ஒளிபரப்பையோ பிரசார் பாரதி 2022க்குள் பெரும்பாலும் மூடிவிட்டது. ஆக, கூரை மேல் தூர்தர்ஷன் இலவச டிஷ் வைத்திருப்பவருக்குத்தான் சட்டத்தின் பலன் முழுதாகக் கிடைக்கிறது. புனே அடுக்கு மாடியில் எத்தனை வீட்டில் அந்த டிஷ் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இன்னொன்று, ஐ.பி.எல். அந்தப் பட்டியலிலேயே இல்லை.

ஆட்டத்தை இரண்டாக வகுந்த ஏலம்

2008ல் ஐ.பி.எல். தொடங்கியபோது பத்தாண்டு உரிமை நூறு கோடி டாலருக்குச் சற்று மேல் விலை போயிற்று. 2017 செப்டம்பரில் ஸ்டார் நிறுவனம் அடுத்த ஐந்தாண்டுக்கு டி.வி.யும் இணையமும் சேர்த்து ரூ. 16,347.5 கோடி கொடுத்தது. அந்த ஏலத்தில் இந்திய இணைய உரிமைக்கு மட்டும் ஃபேஸ்புக் ரூ. 3,900 கோடி கேட்டது. காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

2022ல் வாரியம் கெட்டிக்காரத்தனமாக உரிமையைக் கூறு போட்டு விற்றது. இந்திய டி.வி. உரிமை ஸ்டாருக்கு ரூ. 23,575 கோடி. இணைய உரிமை வயாகாம்18 நிறுவனத்துக்கு ரூ. 20,500 கோடி. முக்கியமான சில ஆட்டங்களின் இணைய உரிமை தனிக் கூறாக மேலும் ரூ. 3,257.5 கோடிக்குப் போயிற்று. அதையும் வயாகாமே எடுத்தது. டி.வி.க்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த இணையம் ஐந்தே ஆண்டில் டி.வி.க்குச் சமமாக உட்கார்ந்துவிட்டது. ஆட்டம் ஒன்றுக்கு டி.வி.க்கு ரூ. 57.5 கோடி, இணையத்துக்கு ரூ. 50 கோடி; தனிக் கூறையும் சேர்த்தால் இணையமே கொஞ்சம் முந்துகிறது!

அடுத்து நடந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். 2023ல் ஜியோசினிமா ஐ.பி.எல்.லை இலவசமாகக் காட்டியது. அந்த ஆண்டு சென்னையும் குஜராத்தும் மோதிய இறுதி ஆட்டத்தை ஒரே நேரத்தில் 3.2 கோடிப் பேர் அதில் பார்த்தார்கள். போட்டிக்குப் போட்டியாக, ஹாட்ஸ்டார் நிறுவனம் ஆசியக் கோப்பையையும் உலகக் கோப்பையையும் செல்போனில் இலவசமாக்கியது. 2023 நவம்பர் 19ல் ஆமதாபாத் இறுதி ஆட்டத்தை ஒரே சமயத்தில் 5.9 கோடிப் பேர் அதில் பார்த்தார்கள். இரண்டு மாடு முட்டிக்கொண்டால் நடுவில் உள்ள புல்லுக்குச் சேதம் என்பார்கள். இங்கே புல்லுக்கு நல்ல மழை பெய்தது.

மழை எத்தனை நாள்? 2024 நவம்பர் 14ல் இரண்டு மாடும் ஒரே தொழுவத்துக்குள் வந்துவிட்டன. ஸ்டாரும் வயாகாமும் இணைந்து, ரூ. 70,352 கோடி மதிப்புள்ள ஒரே நிறுவனம் உருவாயிற்று. போட்டி ஆணையம் நிபந்தனைகளோடு ஒப்புதல் கொடுத்திருந்தது. 2025 பிப்ரவரி 14ல் ஜியோஹாட்ஸ்டார் பிறந்தது. அந்த ஆண்டு ஐ.பி.எல்.லைச் சில நிமிடம் சும்மா பார்க்கலாம், பிறகு சந்தா. தொடக்கத்தில் செல்போனுக்கு மூன்று மாதத்துக்கு ரூ. 149 என்றும், சில ரீசார்ஜ் திட்டங்களோடு சேர்ந்து வரும் என்றும் விலை வைத்தார்கள். ஏலத்தில் இரண்டாகப் பிரித்து விற்ற பொருள் ஒரே கைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.

இலவசம் ஏன் நிற்காது?

ரூ. 149 பெரிய தொகையா என்று சிலர் கேட்கலாம். என் கவலை அந்த 149 பற்றி அல்ல. அதன் பின்னால் உள்ள இயந்திரக் கணக்கைப் பற்றியது.

பழைய ஒளிபரப்பு ஊர் நடுவே நிற்கும் மணிக்கூண்டு மாதிரி. பத்துப் பேர் பார்த்தாலும் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் மணிக்கூண்டுக்குச் செலவு ஒன்றுதான். இணைய ஒளிபரப்பு அப்படியல்ல. பார்க்கும் ஒவ்வொருவருக்கும் தனித் தனியாகப் படத்தை அனுப்ப வேண்டும். ஆளுக்கொரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுப்பது போல. ஆள் கூடக் கூட கம்ப்யூட்டரும் கம்பிவழிக் கட்டணமும் கூடும். ஆகவே இலவசம் என்பது கடை திறந்த புதிதில் கொடுக்கும் சர்பத். வாடிக்கையாளர் சேர்ந்ததும் கணக்கு தொடங்கும். இது யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை, அமைப்பே அப்படி.

அந்தக் கைக்கடிகாரம் இன்னொரு வேலையும் செய்கிறது. நாம் எந்த ஆட்டத்தை எத்தனை நிமிடம் பார்த்தோம், எந்த ஓவரில் எழுந்து போனோம் என்று எழுதி வைத்துக்கொள்கிறது. மணிக்கூண்டு நம்மைத் திரும்பிப் பார்த்ததில்லை!

தாமதத்துக்கும் இதே அமைப்புதான் காரணம். செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தாலும் சிக்னல் மேலே போய்க் கீழே வர கால் வினாடிதான் ஆகும். படத்தைச் சுருக்கி விரிக்கச் சில வினாடி. இணையத்திலோ படத்தைச் சில வினாடித் துண்டுகளாக வெட்டி, ஊர் ஊராக வைத்திருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பி, நம் போனில் இரண்டு மூன்று துண்டு சேர்ந்த பிறகே ஓடவிடுகிறார்கள். ஒரு கூட்ஸ் வண்டி நிரம்பிய பிறகு கிளம்புவது போல. அதனால்தான் டிஷ் வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் விசில் அடித்து முடித்த பிறகு நம் போனில் பந்துவீச்சாளர் ஓடி வரத் தொடங்குகிறார். 2007ல் ஏழு நிமிடத்துக்குச் சண்டை போட்டோம். இன்று அரை நிமிடத்தைச் சகித்துக்கொள்கிறோம். முன்னேற்றம்தான்!

நமக்குக் கிடைத்த நன்மை

குறை மட்டும் சொல்வது நியாயமில்லை. தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நமக்கு இந்தப் புதிய ஏற்பாட்டில் ஒரு பெரிய லாபம் உண்டு. அது மொழி.

கட்கி, தேஹு ரோடு தொழிற்சாலைகளை நம்பி வந்த பழைய குடும்பமானாலும், ஹிஞ்சேவாடி கம்ப்யூட்டர் கம்பெனிக்கு நேற்று வந்த இளம் தம்பதியானாலும், பிள்ளைகள் பள்ளியில் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும்தான் பேசுகிறார்கள். வீட்டில் நாம் தமிழில் கேட்டால் பதில் வேறு மொழியில் வருகிறது. முன்பு இந்த ஊர் கேபிள்காரரிடம் தமிழ் விளையாட்டுச் சானல் கேட்டால் ஒரு மாதிரிப் பார்ப்பார். 2017ல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் வந்தது. 2019ல் சானல்களை நாமே தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. இன்று போனில் ஒரு விரல் தட்டினால் தமிழ் வர்ணனை. தமிழ்ப் புத்தகத்தைத் திறக்க மறுக்கும் பேரன், மூன்றரை மணி நேரம் விரும்பித் தமிழ் கேட்கிறான். வர்ணனையில் ஆட்டத்தைவிட அரட்டை அதிகம் என்ற குறை எனக்கு உண்டு. இருந்தாலும் அந்த அரட்டை தமிழில் இருக்கிறதே!

இரண்டாவது லாபம், சிறிய போட்டிகளுக்கு இடம் கிடைத்தது. 2016ல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக்கை, திண்டுக்கல்லிலோ திருநெல்வேலியிலோ நடக்கும் ஆட்டத்தை, புனேயில் உட்கார்ந்து பார்க்கிறோம். மகளிர் பிரீமியர் லீக்கின் ஐந்தாண்டு உரிமை 2023 ஜனவரியில் ரூ. 951 கோடிக்குப் போனது. அப்போது அணிகளே இன்னும் விற்கப்படவில்லை. 2014ல் தொடங்கிய புரோ கபடியை வளர்த்ததே ஒளிபரப்புதான். சடுகுடு ஆடி முட்டி பெயர்த்துக்கொண்ட நமக்கு, தமிழ் தலைவாஸுக்குக் கைதட்டுவதா, 2024 மார்ச்சில் கோப்பை வென்ற புனேரி பல்டனுக்குக் கைதட்டுவதா என்ற இனிய தர்மசங்கடம் அதனால் வந்தது.

நஷ்டம் எங்கே?

ரயிலில் ஒரு பழைய தொல்லை உண்டு. மீட்டர் கேஜில் வந்த சரக்கைச் சந்திப்பில் இறக்கி, பிராட் கேஜ் வண்டியில் மறுபடி ஏற்ற வேண்டும். நேரமும் கூலியும் வீண். அதற்காகத்தான் 1992ல் ஒரே கேஜ் திட்டம் கொண்டு வந்தார்கள். விளையாட்டு ஒளிபரப்பு இப்போது எதிர்த் திசையில் போகிறது. கிரிக்கெட்டுக்கு ஒரு செயலி. கார் பந்தயம் 2024 முதல் ஃபேன்கோடில். டென்னிஸுக்கு வேறு. ஒவ்வொன்றுக்கும் தனிச் சந்தா, தனிக் கடவுச்சொல். எது எங்கே வருகிறது என்று கண்டுபிடிப்பதே ஒரு விளையாட்டு. எழுபது வயதுப் பெரியவர் டி.வி. சுவிட்சைப் போட்டால் ஆட்டம் வரும் என்ற எளிமை போய்விட்டது. மகன் ஆபீசிலிருந்து வந்து ஓ.டி.பி. சொல்லும் வரை அவர் காத்திருக்கிறார்.

கட்டடம் கட்ட வந்த நம் ஊர் இளைஞர்கள், ஒரே அறையில் ஆறு பேர் தங்குபவர்கள், டி.வி. வைத்துக்கொள்ள வழியில்லாதவர்கள், இவர்களுக்குப் போன் ஒன்றே டி.வி. தெளிவான படமாக ஓர் ஆட்டம் முழுவதையும் பார்த்தால் நாள் டேட்டா தீர்ந்துவிடும். சந்தா ஒரு செலவு, டேட்டா இரண்டாவது செலவு. 2007ஆம் ஆண்டுச் சட்டம் யாருக்காக வந்ததோ அவர்களுக்கு அது போனில் உதவுவதில்லை. ஏனென்றால் அந்தச் சட்டம் எழுதப்பட்டது கேபிள், டி.டி.எச்., வானொலி ஆகியவற்றை மனதில் வைத்து. போனில் ஆட்டம் பார்க்கும் காலத்தை அது எதிர்பார்க்கவில்லை.

லீக்குகளுக்கும் இது முழு லாபமில்லை. வாங்குபவர் ஒருவரே என்றால் விற்பவர் கதி என்ன என்பதைச் சந்தைக்குக் காய்கறி கொண்டு போகிற விவசாயியைக் கேட்டால் சொல்வார். நம் கால்பந்தையே பாருங்கள். 2010ல் போட்ட பதினைந்தாண்டு ஒப்பந்தம் முடியும் தறுவாயில், 2025 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக் நிறுத்தி வைக்கப்பட்டது. புதிய டெண்டருக்கு ஒருவரும் விலை கேட்கவில்லை. சென்னையின் எஃப்.சி. உட்பட எல்லா அணி வீரர்களும் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். 2026 பிப்ரவரியில்தான் சுருக்கிய அளவில் போட்டி தொடங்கியது. கிரிக்கெட்டில் ஒரு பந்துக்கு 49 லட்சம் கொடுக்கும் அதே நாட்டில்தான் இதுவும் நடந்தது.

விளம்பரப் பணமும் நிலையானதல்ல. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் வந்ததும், இந்திய அணியின் சட்டையில் இருந்த ட்ரீம்11 பெயரே மறைந்தது. சூதுக்குத் தடை வந்தது மிக நல்ல காரியம். ஆனால் கிரிக்கெட்டின் வருமானத்துக்கு எவ்வளவு தூரம் அந்தப் பணம் தாங்குகோலாக இருந்தது என்பதையும் அது காட்டிக் கொடுத்தது.

வெளிநாட்டிலும் இதே பாடம். பிரான்ஸ் கால்பந்து லீக் 2018ல் மீடியாப்ரோ என்ற நிறுவனத்தின் பெரிய தொகையில் மயங்கியது. 2020ல் அந்த நிறுவனம் பணம் கட்ட முடியாமல் போக, ஒப்பந்தம் முறிந்தது. பின்னர் 2024ல் டாசன் என்ற இணைய நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தமும் ஓராண்டிலேயே முடிந்து, லீக்கே சொந்தச் சேவை தொடங்க வேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் 2005 ஆஷஸ் தொடரை நாடே இலவச டி.வி.யில் பார்த்துக் கொண்டாடியது. மறு ஆண்டிலிருந்து அங்கே டெஸ்ட் கிரிக்கெட் கட்டணச் சானலுக்குப் போனது. வாரியத்தின் கஜானா நிரம்பியது. சாதாரண வீட்டுக் குழந்தையின் கண்ணிலிருந்து கிரிக்கெட் மறைந்தது. 2019 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை மறுபடி இலவச டி.வி.யில் காட்டியபோது அங்கே எழுந்த மகிழ்ச்சியே, பதினான்கு ஆண்டில் எதை இழந்தார்கள் என்பதற்குச் சாட்சி.

ரசிகர் என்பவர் யார்?

2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டத்தால் சென்னை சூப்பர் கிங்ஸ் ஆட்டங்கள் சேப்பாக்கத்திலிருந்து நம் கஹுஞ்சே மைதானத்துக்கு மாற்றப்பட்டன. விசில் போடு எக்ஸ்பிரஸ் என்ற சிறப்பு ரயிலில் ஆயிரம் பேர் அளவில் ரசிகர்கள் மஞ்சள் சட்டையோடு சென்னையிலிருந்து புனே வந்து இறங்கினார்கள். ஏப்ரல் 20ல் வாட்சன் நூறு அடித்தார். அன்று புனேத் தமிழர்களுக்கு ஏற்பட்ட பூரிப்பை எந்தச் செயலியும் கணக்கில் எழுதவில்லை.

அதே ஊரில் புனே வாரியர்ஸ் 2011 முதல் 2013 வரை இருந்து மறைந்தது. தோனியும் ஆடிய ரைசிங் புனே அணி 2017 இறுதியில் ஒரே ரன்னில் தோற்று, அத்தோடு காணாமல் போனது. ஒப்பந்தம் போடுகிறவர்களின் கண்ணுக்கு நாம் ஒரே நேரத்தில் பார்க்கும் 3.2 கோடியில் ஒரு தலை. ஊர்ப் பாசமும் அணிப் பாசமும் அவர்கள் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியாகவும் வருவதில்லை. அந்தப் பாசம் இல்லாவிட்டால் 49 லட்சம் என்ன, 49 பைசாவும் தேறாது என்பதை அவர்கள் மறந்துவிடக் கூடாது.

என்ன செய்யலாம்?

முதலாவது, 2007ஆம் ஆண்டுச் சட்டம் இணையத்துக்கும் நீட்டிக்கப்பட வேண்டும். தேச முக்கியத்துவம் உள்ள ஆட்டங்கள், சுமாரான தரத்திலாவது, போனில் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். பிரசார் பாரதி 2024 நவம்பரில் வேவ்ஸ் என்ற சொந்த இணையச் சேவையைத் தொடங்கியிருக்கிறது. பாத்திரம் தயார், அதில் ஊற்றத்தான் சட்டம் வேண்டும். நிறுவனத்துக்கு நஷ்டம் வராமல் விளம்பர வருமானத்தைப் பங்கிடும் முறையும் சட்டத்திலேயே இருக்கிறது. உயர்ந்த தரப் படமும் பல கோணங்களும் வேண்டுவோர் தாராளமாகக் காசு கொடுக்கட்டும். ரயிலில் ஏ.சி. வகுப்புக்கு அதிகக் கட்டணம் வாங்குவதை யாரும் குறை சொல்வதில்லை. பொதுப் பெட்டியைக் கழற்றிவிட்டால்தான் கேட்போம்.

இரண்டாவது, ஒரே ஓர் ஆட்டத்துக்குக் காசு கொடுத்துப் பார்க்கும் வசதி எல்லாச் சேவையிலும் வர வேண்டும். சில சிறிய சேவைகள் இதைக் கொடுக்கின்றன. வருடத்தில் நான்கு ஆட்டம் பார்ப்பவருக்கு மூன்று மாதச் சந்தா எதற்கு?

மூன்றாவது, 2028 முதலான ஐ.பி.எல். உரிமை ஏலத்துக்கு வாரியம் விதி எழுதும்போது, கடைசியில் எல்லாம் ஒரே கைக்குப் போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு முறை பெரிய தொகை கிடைத்தால் போதும் என்று இருந்தால், அடுத்த முறை வாங்குபவர் சொன்னதே விலை. மொழி வர்ணனையை ஒப்பந்தத்திலேயே கட்டாயமாக்க வேண்டும். லாபம் குறைந்தால் முதலில் வெட்டப்படுவது அதுவாகத்தான் இருக்கும். அது நம் வீட்டுப் பேரன் காதில் விழும் தமிழ்.

நான்காவது நம் கையில் உள்ளது. ஆட்டம் பார்க்கப் புதுச் சந்தா கட்டும் முன் நம் ரீசார்ஜ் திட்டத்திலோ வீட்டு இணைய இணைப்பிலோ அது ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் அனுமதியை, போட்டி முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் இலவச மேட்ச் இணைப்புகளைத் தொட வேண்டாம். அவை மேட்சைக் காட்டுகின்றனவோ இல்லையோ, நம் வங்கிக் கணக்கைப் பார்த்துவிடும். சங்க அரங்கில் இறுதி ஆட்டத்தைத் திரையிட வேண்டும் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். வீட்டுச் சந்தா சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்பதால், நிர்வாகக் குழு உரிமைதாரரிடம் முறைப்படி எழுதி அனுமதி பெற்றுத் திரையிட வேண்டும் என்பது என் யோசனை. செயலி இயக்கத் தெரியாத பெரியவர்களுக்கு நம் இளைஞர் அணி ஞாயிறு தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கிச் சொல்லிக் கொடுத்தால், அதுவும் ஒரு தமிழ்த் தொண்டே.

நம் ஊரில் வாழ்ந்து மறைந்த நீதிபதி வானலை பொதுமக்கள் சொத்து என்று எழுதி முப்பது ஆண்டு கடந்துவிட்டது. ஆட்டம் வானலையிலிருந்து இறங்கிக் கம்பிக்குள் போய்விட்டதால் அந்த நியாயம் செல்லாமல் போய்விடாது. கம்பி நிறுவனத்துடையதாக இருக்கலாம்; செலவு செய்தவருக்கு லாபமும் நியாயமே. ஆனால் இந்தியா என்ற பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு பதினொரு பேர் மைதானத்தில் இறங்கும்போது, அதைப் பார்க்கும் உரிமை தேஹு ரோடு தகரக் கொட்டகைக்கும் உண்டு. நம் மக்களவை உறுப்பினரிடம் இதை எடுத்துச் சொல்ல நாலு வரிக் கடிதம் போதும். தமிழிலோ மராத்தியிலோ, எழுதுவோம்.